வழக்காறும் ஷரீஅத்தும்: அல்லால் அல்ஃபாஸீயின் பெண்ணுரிமைச் சிந்தனை

அந்நிய ஆட்சியிலிருந்து ஒரு நாடு விடுதலை பெறும்போது, அந்நாட்டு மக்களில் சரிபாதியாக உள்ள பெண்களுக்கு அவ்விடுதலை எதனைக் கொண்டுவந்தது என்னும் வினா தவிர்க்க முடியாதது. சென்ற நூற்றாண்டில் முஸ்லிம் நாடுகளின் விடுதலைப் போராட்டங்களை நடத்திய தலைவர்கள் அனைவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்கள் அளித்த விடைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. அரசின் வலிமையைக் கொண்டு ஒரே ஆண்டில் சட்டத்தை மாற்றியவர்கள் உண்டு. விடுதலை கிட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தவர்களும் உண்டு. மொராக்கோவின் இஸ்திக்லால் கட்சித் தலைவர் அல்லால் அல்ஃபாஸீ (1910–1974) இவ்விரு வகையிலும் அடங்காதவர். அவர் விடுதலைத் தலைவர் மட்டுமல்லர்; கரவிய்யீன் கலாசாலையில் கற்றுத் தேறிய ஆலிம்; மாலிகி ஃபிக்ஹில் ஆழ்ந்த புலமை உடையவர். ஆகவே பெண்ணுரிமை பற்றிய அவருடைய கருத்துகளை, ஷரீஅத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல் என்ற வகையில் நாம் ஆராய்வது பயனுடையது.

இதில் ஒரு புதிரும் உள்ளது. இன்றைய முஸ்லிம் சமுதாயத்தில் பலதார மணத்தை அரசு தடை செய்ய வேண்டும் என்று 1952இல் எழுதிய அதே அறிஞர், 1957இல் குடும்பச் சட்டத் தொகுப்புக் குழுவின் அறிக்கையாளராக இருந்தார். அக்குழு உருவாக்கிய சட்டமோ பலதார மணத்தைத் தடை செய்யவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது? விடை காண அவருடைய வாழ்க்கைப் பின்னணியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

கரவிய்யீனின் மாணவர்

அல்லால் அல்ஃபாஸீ 1910இல் ஃபெஸ் நகரில், ஆலிம்கள் நிறைந்த குடும்பமொன்றில் பிறந்தார். அவர் கற்ற கரவிய்யீன், ஹிஜ்ரி 245இல் (கி.பி. 859) ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா என்னும் பெண்மணியால் பள்ளிவாசலாக நிறுவப்பட்டது என்பது மொராக்கோ மரபுச் செய்தி. எகிப்தின் ஷைகு முஹம்மது அப்துஹூ (ரஹ்) தொடங்கிவைத்த சீர்திருத்தச் சிந்தனை அந்நாளில் ஃபெஸ் நகர ஆலிம்களிடையே பரவியிருந்தது. மூலாதாரங்களுக்குத் திரும்புதல், கண்மூடித்தனமான தக்லீதைக் கைவிடுதல், காலத்தின் தேவைக்கேற்ற இஜ்திஹாத் ஆகியவை அச்சிந்தனையின் அடிப்படைகள். இளைஞரான அல்ஃபாஸீ அதில் தோய்ந்தார்.

1912 முதல் மொராக்கோ பிரெஞ்சு, ஸ்பானியப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்தது. அரசியல் பணிக்காக 1937இல் கைதான அல்ஃபாஸீயை பிரெஞ்சு அரசு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக்கு நாடுகடத்தியது. 1946 வரை அவர் அங்கேயே இருந்தார். இஸ்திக்லால் கட்சி 1943 டிசம்பரில் அமைக்கப்பட்டபோதும், விடுதலைக் கோரிக்கை மனு 1944 ஜனவரி 11இல் வெளியிடப்பட்டபோதும் தலைவர் தாய்மண்ணில் இல்லை. பின்னர் கெய்ரோவிலிருந்து பணியாற்றினார். அங்குதான் 1952இல் ‘அந்நக்துஸ் ஸாத்தீ’ (சுய விமர்சனம்) என்னும் அவரது நூல் வெளிவந்தது. அந்நியனைக் குறை கூறுவதோடு நில்லாமல், நம் சமுதாயம் தன்னைத் தானே எடைபோட வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம். அந்த எடைபோடலில் பெண்களின் நிலை முக்கிய இடம்பெற்றது.

1930இன் ஆணையும் பெண்ணின் வாரிசுரிமையும்

அல்ஃபாஸீயின் பெண்ணுரிமைச் சிந்தனைக்கு வித்திட்டது எது என்பதை அறிய, 1930 மே 16இல் பிறப்பிக்கப்பட்ட ‘பெர்பர் ளஹீர்’ எனப்படும் அரசாணையை நோக்க வேண்டும். பெர்பர் குலங்கள் வாழும் பகுதிகளை ஷரீஅத் நீதிமன்றங்களின் அதிகாரத்திலிருந்து நீக்கி, குல வழக்காற்று மன்றங்களின் கீழ் வைத்தது இந்த ஆணை. மக்களைப் பிரித்தாளும் சூழ்ச்சி இது என்று உணர்ந்த நகரத்து மக்கள் பள்ளிவாசல்களில் கூடி, பேரிடர்க் காலங்களில் ஓதப்படும் ‘யா லத்தீஃப்’ துஆவை ஓதி எதிர்ப்பைத் தெரிவித்தனர். மொராக்கோ தேசிய இயக்கத்தின் பிறப்பு இதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. இருபது வயதே நிரம்பிய அல்ஃபாஸீ அதன் முன்னணியில் நின்றார்.

இந்நிகழ்ச்சியை அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் காண்பது வழக்கம். ஆயின் இதில் பெண்ணுரிமை சார்ந்த ஒரு செய்தி மறைந்துள்ளது. பல குல வழக்காறுகளில் மகளுக்கும் மனைவிக்கும் சொத்தில் பங்கில்லை. நிலம் குலத்தை விட்டு வெளியே சென்றுவிடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்தளித்த பங்கை வழக்காறு பறித்தது. அந்த வழக்காற்றுக்குக் காலனி அரசு சட்டக் கவசம் அணிவித்தது. ஆகவே ஷரீஅத்தைக் காக்க எழுந்த போராட்டம், அதன் விளைவில், பெண்ணின் வாரிசுரிமையைக் காக்கும் போராட்டமாகவும் இருந்தது.

‘சுய விமர்சனம்’ நூலில் அல்ஃபாஸீ இக்கருத்தை விரித்துரைத்தார். மொராக்கோப் பெண்ணின் தாழ்நிலைக்குக் காரணம் இஸ்லாம் அன்று. ஜாஹிலிய்யத்தின் எச்சமாக நிலைத்துவிட்ட வழக்காறுகளே காரணம் என்பது அவர் துணிபு. இஸ்லாத்தின் பெயரால் நடைபெறுவன அனைத்தும் இஸ்லாம் அல்ல என்ற இந்தப் பாகுபாடே அவருடைய சிந்தனையின் முதல் தூண்.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று. நம் நாட்டிலும் பஞ்சாப் முதலிய பகுதிகளில் முஸ்லிம் பெண்களின் வாரிசுரிமையை வழக்காறு விழுங்கியிருந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அதை நீக்கவே இயற்றப்பட்டது. எனினும் அச்சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. 1949இல் சென்னை மாகாணத்தில் செய்யப்பட்ட திருத்தம் அக்குறையை இப்பகுதிக்கு நீக்கியது. ஃபெஸ் நகரத்து ஆலிமும் நம் முன்னோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நோயை எதிர்த்தனர் என்பது எண்ணத்தக்கது.

கல்வியும் மலிகா அல்ஃபாஸீயும்

தேசிய இயக்கம் பெண்கல்வியைத் தன் திட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. இதில் மலிகா அல்ஃபாஸீ (1919–2007) என்னும் பெண்மணியின் பங்கு பெரிது. அதே ஃபாஸீ குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1935 முதல் ‘அல்ஃபதாத்’ (இளம்பெண்) என்னும் புனைபெயரில் பெண்கல்வியை வலியுறுத்தி இதழ்களில் எழுதினார். 1944ஆம் ஆண்டின் விடுதலைக் கோரிக்கை மனுவில் கையெழுத்திட்ட ஒரே பெண் இவரே. பெண்ணால் நிறுவப்பட்டதாகப் போற்றப்படும் கரவிய்யீனில் பெண்களுக்கு முறையான இடமில்லை என்ற முரண்பாட்டை நீக்க அவர் பாடுபட்டார். அதன் பயனாக 1940களில் அங்கு மாணவியர் பிரிவு தொடங்கப்பட்டது.

1947 ஏப்ரலில் சுல்தான் ஐந்தாம் முஹம்மது தஞ்சா நகரில் விடுதலை வேட்கையை வெளிப்படுத்திப் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அந்தப் பயணத்தின்போதே அவருடைய மகள் லல்லா ஆயிஷாவும் பொதுமக்கள் முன் பேசினார். பெண்ணின் கல்வியும் நாட்டின் விடுதலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்து அந்நாளில் அரண்மனை முதல் மதரஸா வரை வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை சான்று.

பலதார மணம்: அல்ஃபாஸீயின் வாதம்

அல்ஃபாஸீயின் கருத்துகளுள் மிகவும் விவாதிக்கப்பட்டது பலதார மணம் பற்றியதாகும். அவருடைய வாதத்தை மூன்று படிகளாகத் தொகுக்கலாம்.

முதலாவது, அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் பலதார மணத்தை அநாதைகளின் நலனோடு இணைத்துப் பேசுகிறது. நீதி செலுத்த இயலாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளுமாறு பணிக்கிறது. ஆகவே இந்த அனுமதி தன்னியல்பில் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, அந்த அச்சம் தனிமனிதனின் மனச்சான்றுக்கு மட்டும் விடப்பட்டதன்று. வசனம் சமுதாயத்தை நோக்கியும் பேசுகிறது. ஒரு சமுதாயத்தில் அநீதி பரவலாகக் காணப்படும்போது, அச்சம் உறுதியாகிவிடுகிறது. மூன்றாவது, வரலாற்றில் முஸ்லிம்கள் இந்த அனுமதியைப் பயன்படுத்திய முறை குடும்பங்களைச் சிதைத்தது. மனைவியரையும் குழந்தைகளையும் வதைத்தது. இஸ்லாத்தின் நற்பெயருக்கும் ஊறு விளைவித்தது. எனவே இக்காலத்தில் அரசு அதைத் தடை செய்வது ஷரீஅத்தின் நோக்கத்துக்கு இசைவானதே.

இந்த வாதத்துக்கு ஆலிம்களிடமிருந்து வலுவான மறுப்புகள் எழுந்தன. அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது முதல் மறுப்பு. நீதி செலுத்தும் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலரின் தவறுக்காக அனைவருக்கும் கதவை அடைக்கலாகாது என்பது இரண்டாவது. விதவைகளும் ஆதரவற்றோரும் மிகும் போர்க்காலம் போன்ற சூழலில் இந்த அனுமதி அருளாக அமையும் என்பது மூன்றாவது.

முதல் மறுப்பைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும். ஒன்றை ஹராம் என்று தீர்ப்பளிப்பது வேறு. ஹலாலான ஒன்றைப் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்துவது வேறு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வேதம் அருளப்பட்ட சமுதாயத்துப் பெண்ணை மணந்திருந்த ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் அவளை விட்டுவிடுமாறு பணித்தார்கள். அது ஹராமா என்று வினவப்பட்டபோது, ஹராம் அன்று. அதனால் விளையக்கூடியதை அஞ்சுகிறேன் என்னும் பொருள்பட விடையளித்தார்கள். ‘ஸியாஸா ஷர்இய்யா’ என்று ஃபகீஹ்கள் குறிப்பிடும் ஆட்சியாளரின் அதிகாரம் இதுவே. அல்ஃபாஸீயின் கருத்தை ஏற்பினும் மறுப்பினும், அது மரபுக்குப் புறம்பான வாதம் என்று தள்ளிவிட இயலாது.

1963இல் அவர் வெளியிட்ட ‘மகாஸிதுஷ் ஷரீஅத்தில் இஸ்லாமிய்யா வ மகாரிமுஹா’ என்னும் நூல் இந்த அணுகுமுறையின் முதிர்ந்த வடிவம். சட்டத்தின் சொல்லோடு அதன் நோக்கத்தையும் நோக்க வேண்டும் என்னும் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்களின் வழியை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களுள் துனீசியாவின் தாஹிர் இப்னு ஆஷூரும் அல்ஃபாஸீயும் முதன்மையானவர்கள்.

முதவ்வனா: எண்ணமும் விளைவும்

1956 மார்ச்சில் மொராக்கோ விடுதலை பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 13இல் துனீசியாவில் ஹபீப் பூர்கீபா குடும்பச் சட்டத்தை வெளியிட்டுப் பலதார மணத்தைத் தடை செய்தார். 1957 ஆகஸ்டில் ஐந்தாம் முஹம்மது மன்னர், ஆலிம்களும் சட்ட அறிஞர்களும் கொண்ட பத்துப் பேர் குழுவை அமைத்தார். அல்ஃபாஸீ அதன் அறிக்கையாளர் ஆனார். ‘முதவ்வனா’ எனப்படும் குடும்பச் சட்டத் தொகுப்பு ஆறு பகுதிகளாக, 1957 நவம்பரில் தொடங்கி 1958க்குள் வெளியிடப்பட்டது.

அத்தொகுப்பில் முன்னேற்றங்கள் இல்லாமலில்லை. மணமகளின் குறைந்தபட்ச வயது 15 என வரையறுக்கப்பட்டது. மகளின் விருப்பமின்றியே தந்தை மணமுடித்து வைக்கும் ‘ஜப்ர்’ உரிமை பொதுவாக நீக்கப்பட்டது. ஆயினும் பெண் நெறி தவறக்கூடும் என்று அஞ்சினால் நீதிபதி வற்புறுத்தலாம் என்ற விலக்கு எஞ்சியது. ஒரே நேரத்தில் எண்ணிக்கையோடு சொல்லப்படும் தலாக் ஒன்றாகவே கொள்ளப்படும் என்றானது. தானே தலாக் கூறும் கணவன் தன் வசதிக்கேற்ப ‘முத்ஆ’ எனும் ஈட்டுப்பொருள் வழங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மறுமணம் செய்யக் கூடாது என்று மனைவி ஒப்பந்தத்தில் நிபந்தனை விதிக்கலாம். அவ்வாறு விதிக்காதவளும் தனக்கு நேர்ந்த பாதிப்பை நீதிபதியிடம் முறையிடலாம்.

மறுபுறம், வயதுவந்த பெண்ணும் வலீ இன்றி மணமுடிக்க இயலாது. நீதிமன்ற அனுமதியின்றியே கணவன் தலாக் கூறலாம். மனைவியின் கடமைகளுள் கீழ்ப்படிதல் இடம்பெற்றது. பலதார மணத்தைப் பொறுத்தவரை, அநீதி அஞ்சப்படின் அனுமதி இல்லை என்று மட்டும் சட்டம் கூறியது. அந்த அச்சத்தை மணத்துக்கு முன் ஆராய்ந்து தீர்மானிப்பவர் யார் என்று அது கூறவில்லை. வசனத்தின் பொருள் சட்டத்தில் இடம்பெற்றது. அதைச் செயல்படுத்தும் வழி இடம்பெறவில்லை.

அல்ஃபாஸீயின் கருத்து ஏன் வெற்றி பெறவில்லை? குழுவில் மரபான மாலிகி நிலைப்பாடே மேலோங்கியது என்பது ஒரு காரணம். இதனினும் ஆழ்ந்த காரணத்தை, வட ஆப்பிரிக்க நாடுகளை ஒப்பிட்டு 2001இல் நூல் வெளியிட்ட ஆய்வாளர் முனீரா ஷர்ராத் சுட்டுகிறார். துனீசியாவில் மைய அரசு குலத்தலைவர்களின் செல்வாக்கை ஒடுக்கியிருந்தது; ஆதலின் குடும்ப அமைப்பை மாற்றும் துணிவு அதற்கு இருந்தது. மொராக்கோவில் முடியாட்சி கிராமப்புறக் குலங்களின் ஆதரவை நம்பியிருந்தது. இஸ்திக்லால் கட்சியின் வளர்ச்சியை அது ஐயத்தோடு நோக்கியது. குலங்களின் குடும்ப ஒழுங்கைக் குலைக்கும் சட்டம் அங்கு உருவாகும் வாய்ப்பு குறைவு. எந்த வழக்காற்றை எதிர்த்து 1930இல் மக்கள் பள்ளிவாசல்களில் திரண்டனரோ, அந்தக் குல அமைப்பின் நிழல் விடுதலைக்குப் பின் சட்டத்தின் மீதும் விழுந்தது.

பூர்கீபாவின் வழியும் குறையற்றதன்று. 1929இல் துனீசிய அடையாளத்தின் சின்னமாக முகத்திரையை ஆதரித்தவர், ஆட்சிக்கு வந்தபின் அதை இகழ்ந்தார். துனீசியச் சீர்திருத்தத்துக்கு அடிப்படையிட்டவர் ஸைத்தூனாவின் மாணவரான தாஹிர் அல்ஹத்தாத். பெண்ணின் நிலை பற்றி 1930இல் நூல் எழுதியதற்காகப் பெரும் இன்னலுக்கு ஆளானவர் அவர். ஆனால் பூர்கீபா சட்டத்தைத் தந்த வேகத்தில் ஆலிம்களின் நிறுவனங்களையும் முடக்கினார். 1960இல் ரமளான் நோன்பைக் கைவிடுமாறு உழைப்பாளர்களுக்கு அழைப்பு விடுத்து மக்களின் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். சட்டம் முந்தியது, சமுதாயத்தின் நம்பிக்கை பிந்தியது. மொராக்கோவிலோ சிந்தனை முந்தியது, சட்டம் பிந்தியது.

அரை நூற்றாண்டுக்குப் பின்

அல்ஃபாஸீ 1974 மே மாதத்தில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் காலமானார். அவர் விட்டுச் சென்ற வினா அவரோடு மறையவில்லை. 1992இல் சட்டத் திருத்தம் கோரிப் பெண்கள் பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் நடத்தினர். 1993இன் திருத்தம் ‘ஜப்ர்’ விலக்கை நீக்கியது. அவ்வாண்டில்தான் மொராக்கோ நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக இரு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் இஸ்திக்லால் கட்சியினர்.

2000 மார்ச் 12இல் திருத்தத்தை ஆதரித்து ரபாத்திலும், எதிர்த்துக் காஸாபிளாங்காவிலும் பெரும் பேரணிகள் நடைபெற்றன. 2003 அக்டோபரில் ஆறாம் முஹம்மது மன்னர் புதிய சட்டத்தின் வரைவை அறிவித்தார். 2004 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மணவயது இருபாலார்க்கும் 18 ஆனது. குடும்பப் பொறுப்பு கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. வலீ என்பது வயதுவந்த பெண்ணின் உரிமையாக மாற்றப்பட்டது. தலாக் நீதிமன்றத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது. தாத்தாவின் சொத்தில் மகன்வழிப் பேரர்க்கு இருந்த கட்டாய வஸிய்யத் உரிமை, மகள்வழிப் பேரர்க்கும் நீட்டிக்கப்பட்டது.

பலதார மணம் முற்றிலும் தடை செய்யப்படவில்லை. அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்கவோ தடுத்ததை அனுமதிக்கவோ தமக்கு உரிமையில்லை என்னும் கருத்தை மன்னர் தம் உரையில் தெளிவுபடுத்தினார். ஆயினும் விதிவிலக்கான தக்க காரணமும், இரு குடும்பங்களையும் தாங்கும் வசதியும் இருப்பதை நீதிமன்றம் ஆராய்ந்த பின்னரே அனுமதி கிடைக்கும். அல்ஃபாஸீயின் முடிவை இச்சட்டம் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய இரண்டாம் படியை, அதாவது நீதி பற்றிய அச்சம் ஆணின் மனச்சான்றுக்கு மட்டும் உரியதன்று என்பதை, முழுமையாக ஏற்றது.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சீராகிவிடவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். பதிவு செய்யாத மணங்களை நீதிமன்றத்தில் நிறுவுவதற்கு அளிக்கப்பட்ட சலுகைக் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. அதையே வாயிலாகக் கொண்டு சிலர் இரண்டாம் மணத்தையும், வயது நிரம்பாத பெண்ணின் மணத்தையும் சட்டமாக்கிக்கொண்டனர். 18 வயதுக்குட்பட்டோர்க்கு நீதிபதி அளிக்கலாம் என்ற தனி அனுமதி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டது. வழக்காறு சட்டத்தின் இடுக்குகளைத் தேடிச் சென்று குடியேறும் இயல்புடையது.

நாம் கற்க வேண்டியது

அல்ஃபாஸீ இன்றைய பொருளில் முழுச் சமத்துவம் கோரியவர் என்று கூறுவது மிகையாகும். குர்ஆன் வகுத்த வாரிசுப் பங்குகளை மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கையன்று. அப்பங்குகள் உரியவளின் கையில் சென்று சேர வேண்டும் என்பதே அவர் கவலை. அவருடைய சிறப்பு வேறிடத்தில் உள்ளது. பெண்ணுரிமை பேசுவோர் ஷரீஅத்தைக் கைவிட வேண்டும் என்றும், ஷரீஅத்தைக் காப்போர் பெண்ணின் முறையீட்டுக்குச் செவிசாய்க்க வேண்டியதில்லை என்றும் இரு தரப்பாரும் எண்ணிய காலத்தில், இவ்விரண்டும் பொய்யான எதிர்நிலைகள் என்று அவர் காட்டினார்.

மாலிகி மத்ஹபின் கொடை நம் நாட்டையும் எட்டியுள்ளது. கணவன் காணாமற்போன பெண்களும் கொடுமைக்குள்ளான பெண்களும் ஹனஃபி ஃபிக்ஹில் விடுபட வழியின்றித் தவித்தபோது, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் மாலிகி முஃப்திகளின் ஃபத்வாக்களைப் பெற்றுத் தீர்வு கண்டார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்கு அதுவே வழிவகுத்தது. ஒரு பெண்ணின் கண்ணீருக்காக மத்ஹபின் எல்லையைக் கடந்து தீர்வு தேடிய துணிவு நம் ஆலிம்களிடமும் இருந்தது.

அந்தத் துணிவின் மிச்சம் நம்மிடம் எவ்வளவு உள்ளது என்பதே நம் முன்னுள்ள வினா. நம் ஊர்களில் மகளுக்குச் சீர் செய்துவிட்டோம், இனி சொத்தில் பங்கெதற்கு என்று கேட்கும் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். சகோதரனின் முகம் சுருங்குமே என்று அஞ்சித் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். மணமகளின் ஒப்புதல் பல இடங்களில் தஃப்தரில் வாங்கும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. மஹர் பெயரளவுக்குக் குறிக்கப்படும் அதே பந்தலில் வரதட்சணை கைமாறுகிறது. இவற்றில் எதுவும் ஷரீஅத் அன்று, அனைத்தும் வழக்காறு. இவற்றைக் களைய நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஜமாஅத் நிர்வாகமும், நிகாஹ் மஜ்லிஸில் அமரும் ஆலிமும், வீட்டின் தலைவனும் மனம் வைத்தால் போதும். 1952இல் ஓர் ஆலிம் தம் சமுதாயத்திடம் கோரிய சுய விமர்சனம், நம் மஹல்லாக்களின் நிகாஹ் தஃப்தரிலிருந்தும் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலிருந்தும் தொடங்கட்டும்.